உதவி: அஸ்ட்ரே மீனில் நரம்பு ஏன் வழி தவறுகிறது?

லயத்துப் பையன், சுங்கை சிப்புட்:
வணக்கம். ஆறாம் படிவம், உயிரியல் போஸ்டர். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், பாதியில் சிக்கிக்கொண்டேன். ஸீப்ரா மீனின் கருவில், கருவுற்ற சுமார் 32 மணி நேரத்தில் விழித்திரை நரம்பிழைகள் கண்ணை விட்டுக் கிளம்புகின்றன. மூளைக்கு அடியில் மறுபக்கம் கடந்து, 48 மணி நேரம் வாக்கில் டெக்டத்தை, அதாவது மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியைத் தொடுகின்றன. இதுவரை சரி. ஸ்லிட் என்ற புரதம் இழையை விரட்டுமாம், ரோபோ2 என்ற இன்னொரு புரதம் அதை உணருமாம். அஸ்ட்ரே என்பது ரோபோ2 ஜீன் பழுதான ஸீப்ரா மீன். விரட்டலே உறைக்காவிட்டால் பாதை இன்னும் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? பழுது மூளையிலா, கண்ணிலா?

டியூஷன் அக்கா, தைப்பிங்:
தம்பி, விரட்டுவதைத் தடை என்று நினைத்துவிட்டாய். செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டில் இருட்டில் நடந்திருப்பாயே? இரண்டு பக்கமும் நாய் குரைப்பதால்தான் நடுவிலேயே போகிறோம். காது கேட்காதவன் நேரே நாய் மேல் போய் விழுவான். ஸ்லிட்தான் நாய், ரோபோ2 காது. அஸ்ட்ரேயில் நாய்கள் எல்லாம் ஒழுங்காகக் குரைக்கின்றன, காதுதான் போச்சு. அந்தக் காது இழையின் நுனியில், அதாவது கண்ணிலிருந்து வந்த செல்லில் இருக்கிறது. 2001-இல் சி-பின் சியென் குழு கருவிலேயே கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தது. அஸ்ட்ரே கண்ணை நல்ல மீனில் வைத்தாலும் இழை தப்பிப் போனது. ஆகவே பழுது கண்ணில்.

குப்பி மாமா:
என் குப்பி மீன் இரண்டு நாளாகச் சாய்ந்து நீந்துகிறது. இந்த ஜீன்தானா?

டியூஷன் அக்கா:
இல்லை மாமா. முதலில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்.

லயத்துப் பையன்:
நன்றி அக்கா. நல்ல மீனுக்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டேன், அஸ்ட்ரேக்குக் கோணல் கோடு. போதுமா?

பழைய லேப்காரன், ஈப்போ:
அந்த நேர்க்கோட்டை அழித்துவிடு தம்பி. 2002-இல் அதே ஆய்வகத்தில் உயிருள்ள கருவில் இழை வளர்வதை வரிசையாகப் படமெடுத்தார்கள். நல்ல மீனின் இழை நுனியும் தப்பான பக்கம் போகத்தான் செய்கிறது, ஆனால் பின்வாங்கித் திருத்திக்கொள்கிறது. அஸ்ட்ரே இழை அதிகமாகத் தவறுவதோடு, தவறியதைத் திருத்துவதும் இல்லை. இந்த இடத்தை யாரும் போஸ்டரில் போடுவதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். அப்புறம், இங்கே ரோபோ2-வின் முக்கிய வேலை வழியைப் பார்த்துக்கொள்வது. டெக்டத்துக்குள் எந்த இழை எங்கே உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் எப்ரின் புரதங்களின் வேலை. அதற்கு ஒரு வரி போதும், நீட்டாதே.

லயத்துப் பையன்:
சரி அண்ணே, அழித்தாச்சு. நல்ல இழைக்கும் ஒரு வளைவு போட்டு, திரும்பி வருகிற மாதிரி வரைகிறேன்.

குப்பி மாமா:
தண்ணீர் மாற்றினேன். இன்னும் கொஞ்சம் சாய்கிறது, ஆனால் சாப்பிடுகிறது.