ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ் வீரரை எப்படி எடைபோடுவது? உதவுங்கள்

வணக்கம். மகனும் நானும் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டை, அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை, விடாமல் பார்க்கிறோம். ஃபார்வர்டுகளை (தாக்கி ஆடுபவர்களை) கணிக்க ஓரளவு பழகிவிட்டோம், டிஃபென்ஸ் (தடுத்து ஆடுபவர்கள்) என்றால் திணறுகிறோம்.

லேன் ஹட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி ஒன்பது அங்குலம்தான் உயரம் என்று பல அணிகள் தயங்கின. 2022-இல் 62-ஆவது ஆளாகத்தான் மான்ட்ரியால் அணி அவரை எடுத்தது. 2024-25-இல், முதல் முழு சீசனிலேயே, 60 அசிஸ்ட்டோடு (கோலுக்கு உதவிய பாஸ்) மொத்தம் 66 புள்ளிகள் (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்து) எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதையும் வாங்கிவிட்டார்! ஆடம் ஃபாக்ஸ் 2016-இல் 66-ஆவது ஆள். 2021-இல் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் விருது அவருக்கு. மேத்யூ ஷேஃபர் கதையோ வேறு. கழுத்தெலும்பு முறிந்து, டிராஃப்டுக்கு முந்தைய ஜூனியர் லீக் சீசனில் 17 ஆட்டம்தான் ஆடினார். இருந்தும் 2025-இல் முதல் ஆளே அவர்தான்.

அப்படியென்றால் புள்ளிக்கணக்கு தவிர வேறெதைப் பார்க்கிறார்கள்? ஸ்கேட்டிங்கும், எதிரணி நெருக்கும்போது பக்கை (ஆடும் வட்டை) தன் பகுதியிலிருந்து வெளியே கொண்டுவரும் முதல் பாஸும்தான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் எதிராளியோடு இடைவெளி காப்பதை டிவியில் எப்படிக் கவனிப்பது? கேமரா பக்கின் பின்னாலேயே ஓடுகிறதே. அப்புறம், வலக்கை ஆட்டக்காரர் என்பதற்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்? 18 வயதில் சிறிய உடம்போடு இருப்பவருக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

ஜூனியர் ஆட்டங்களை நேரில் பார்ப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.