பேக்கர்ஸ் டிராஃப்ட்: இருக்கிற ஓட்டையை அடைப்பதா, நல்ல ஆளை எடுப்பதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆப்பிள்டன், விஸ்கான்சின்

பேக்கர்ஸ் அணியின் ஊரான கிரீன் பே எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஏப்ரலில்தான் டிராஃப்ட், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள் புது வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அது வந்தால் போதும், மளிகைக் கடை வரிசையில்கூட "இந்த வருஷம் யாரை எடுப்பாங்க?" என்பதுதான் பேச்சு. அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பழகியதே இந்தப் பேச்சால்தான். 2020 ஏப்ரல் 23ஆம் தேதி ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கும் எதிர் வீட்டுப் பெரியவருக்கும் அன்றைக்கு வந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

கொரோனா நேரம், யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. அவர் தன் கராஜில் டிவியை வைத்துக் கதவைத் தூக்கி விட்டிருந்தார். நான் என் கராஜில். நடுவில் தெரு. லீக் கமிஷனர் ரோஜர் குடெல் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தபடியே பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். முந்தைய சீசனில் நமக்கு 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பௌல் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றிருந்தோம். டவான்டே ஆடம்ஸை விட்டால் ஆரோன் ராட்ஜர்ஸ் வீசும் பந்தைப் பிடிக்க நம்பகமான ரிசீவர் இல்லை. அந்த ஆண்டோ, நல்ல வைட் ரிசீவர்கள் கொட்டிக் கிடந்த ஆண்டு.

30ஆவதாகத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்த நாம், நான்காம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து மயாமிக்குக் கொடுத்து 26க்கு ஏறினோம். எதிர்க் கராஜில் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். வந்த பெயர் ஜோர்டன் லவ், குவார்ட்டர்பேக். அதாவது ராட்ஜர்ஸைப் போலவே பந்து வீசுகிற ஆள். பெரியவர் தொப்பியைக் கழற்றினார், கார் பானட்டின் மேல் கவிழ்த்து வைத்தார், கராஜ் கதவைக்கூட இறக்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையிலும் தொப்பி அங்கேயே கிடந்தது.

"2005லயும் இதேதான். அப்போதைய குவார்ட்டர்பேக் ஃபார்வுக்கு 35 வயசு. 24ஆவது இடத்துல ராட்ஜர்ஸை எடுத்தாங்க. அன்னிக்கும் திட்டினேன், அது நல்லபடியா முடிஞ்சுது. ஆனா இப்போ ஜெயிக்கிற டீம் கையில இருக்கே!" என்றார்.

அவரிடம் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: லவ்வை எடுத்தது சரி. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது. ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டு சீசனிலும் லீக்கின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கினார். லவ் மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்தார். 2023இல் பொறுப்புக்கு வந்து, டாலஸுக்கே போய் பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகான நாக்-அவுட் சுற்றில்) 48-32 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

என் ஆதங்கம் வேறு. இரண்டாம் சுற்றில் 62ஆவதாக, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஏ.ஜே. டில்லன், ஏற்கெனவே அதே இடத்தில் ஆரோன் ஜோன்ஸ் இருக்கும்போது! மூன்றாம் சுற்றில் 94ஆவதாக டெகுவாரா. மொத்தம் ஒன்பது பேரை எடுத்தோம், ஒரு ரிசீவர்கூட இல்லை. ரிசீவர் கேப்ரியல் டேவிஸ் 128ஆவது இடம் வரைக்கும் காத்திருந்து பஃபலோவுக்குப் போனார்.

2022 ஜனவரி 22, நம் மைதானமான லாம்போ ஃபீல்டில் பனி. சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13-10 என்று தோற்றோம். ராட்ஜர்ஸின் பந்து 20 முறை கைக்கு வந்தது. அதில் ஆடம்ஸ் 9, ஜோன்ஸ் 9. மற்ற எல்லோருக்கும் சேர்த்து இரண்டு! மறுநாள் ராத்திரி கேன்சஸ் சிட்டியில் டேவிஸ் ஒரே ஆட்டத்தில் நான்கு டச்டவுன் போட்டார். பெரியவரிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரே ஒரு எண்: 128.

மினியாபொலிஸ்

அண்ணா, நான் எங்கள் ஊர் அணியான வைக்கிங்ஸ் பக்கம். அதே 2020இல் உங்களுக்கு நாலு இடம் முன்னால், 22ஆவதாக ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தோம். எங்கள் பழைய ரிசீவர் டிக்ஸை பஃபலோவுக்கு விற்று வாங்கிய தேர்வு அது. தேவையும் திறமையும் ஒரே ஆளிடம் அமைந்தது. முதல் சீசனிலேயே 1,400 யார்டு.

ஆனால் 2023 அக்டோபர் 29 அன்று லாம்போவில் நான் இருந்தேன். 24-10 என்று ஜெயித்தோம், சந்தோஷப்பட முடியவில்லை. எங்கள் குவார்ட்டர்பேக் கசின்ஸுக்கு குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. பக்கத்தில் பேக்கர்ஸின் பச்சை ஜெர்சி போட்ட ஒரு அம்மா என் தோளில் கை வைத்து, "எங்க பையன் லவ்வும் இன்னும் சரியா ஆடலை. ஆனா ஆள் இருக்கான்" என்றார். அந்த சீசனில் எங்களுக்கு நான்கு பேர் மாறி மாறி குவார்ட்டர்பேக்காக இறங்கினார்கள். ஜெஃபர்சன் வந்து 2024 சீசன் முடியும் வரை நாங்கள் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதனால் ரிசீவர் ரிசீவர் என்று யாராவது கத்தினால் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வருகிறது.

மில்வாக்கி

2025இல் டிராஃப்டே கிரீன் பேவுக்கு வந்ததே, நானும் மகனும் போயிருந்தோம். லாம்போவுக்கு வெளியே நிற்க இடமில்லை. என் பக்கத்தில் ஒரு தாத்தா, கையில் நான்காக மடித்த காகிதம். நம் முதல் சுற்றுத் தேர்வுகளை எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். 2002, ஜாவன் வாக்கர் என்ற வரிக்கு மட்டும் அடிக்கோடு. அதற்குப் பிறகு முதல் சுற்றில் வைட் ரிசீவரே கிடையாது. ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், காப், ஆடம்ஸ் எல்லாரும் இரண்டாம் சுற்றில் வந்தவர்கள்தான் என்று என் மகனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

23ஆவது தேர்வை வாசிக்க மேடைக்கு வந்தவர் பேக்கர்ஸின் அப்போதைய தலைவர் மார்க் மர்ஃபி. மேத்யூ கோல்டன், வைட் ரிசீவர், டெக்ஸஸ் பல்கலைக்கழகம். அந்தச் சத்தத்தில் தாத்தா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பென்சிலை என் மகனிடம் நீட்டினார். பையன்தான் அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதினான்.

ஆப்பிள்டன்

அந்த இரவு பெரியவரும் நானும் அவர் கராஜில் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். சரி, இப்போதைய கதைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் தடுப்பு வீரர் மைக்கா பார்சன்ஸுக்காக 2026, 2027 முதல் சுற்றுத் தேர்வுகளையும் கென்னி கிளார்க்கையும் டாலஸுக்குக் கொடுத்துவிட்டோம். பார்சன்ஸ் மாதிரி ஆள் டிராஃப்டில் கிடைப்பது அபூர்வம், அதனால் எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அதனால் தடுப்பு வரிசையில் கிளார்க் நின்ற நடு இடம் காலியானது. ஓரத்தில் பார்சன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், நடுவில் தாங்க ஆள் இல்லாவிட்டால் எதிரணி நேராக உள்ளே ஓடிவிடும். இரண்டாம் சுற்றில், நடுவில் நின்று தாங்கும் டிஃபென்ஸிவ் டேக்கிள்தான் வேண்டும் என்கிறேன். பெரியவர் எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் என்கிறார், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். நீங்கள் யார் பக்கம்?