1917ஆம் ஆண்டின் ராணுவப் பதிவு அட்டை: போருக்குச் சென்றதற்கு இது சான்றாகுமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்தில் வசிக்கிறேன். என் மனைவி அமெரிக்கர். 95 வயதாகும் அவருடைய பாட்டி, தம் தந்தை முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குச் சென்று போரிட்டவர் என்று சொல்லிவருகிறார். சீருடை அணிந்த இளைஞர் ஒருவரின் புகைப்படமும் அவர் கட்டிலருகே இருக்கிறது. பாட்டி இருக்கும்போதே இதை உறுதிசெய்து எழுதிவைக்க விரும்புகிறேன். தேடியதில், 1917 ஜூன் 5 அன்று இங்கே அந்தத் தந்தையின் பெயரில் நிரப்பப்பட்ட ராணுவப் பதிவு அட்டையின் படம் கிடைத்தது. வயது 23, எஃகு ஆலைத் தொழிலாளி, பிறந்த நாடு ஆஸ்திரியா, குடியுரிமை பெறும் விருப்பத்தைப் பதிவு செய்தவர் என்றெல்லாம் அதில் உள்ளது. 'விலக்குக் கோருகிறீர்களா?' என்ற கேள்விக்கு, தாயைக் காப்பாற்ற வேண்டியிருப்பதாகப் பதில் இருக்கிறது. கையொப்பத்தின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டுமே. இந்த அட்டையைக் கொண்டு அவர் படையில் இருந்தார் என்று எழுதலாமா?

பதில் 1:

எழுத வேண்டாம் ஐயா. இந்தத் தவறு பல குடும்ப வரலாறுகளில் அப்படியே நிலைத்துவிட்டது. 1917 மே 18 அன்று கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்தபின், ஜூன் 5 அன்று 21 முதல் 30 வயது வரையிலான ஆண்கள் அனைவரும், குடிமக்கள் அல்லாதவர்களும் உட்பட, பதிவு செய்தாக வேண்டியிருந்தது. 1918 செப்டம்பர் 12 அன்று இந்த வரம்பு 18 முதல் 45 வரை விரிந்தது. போர் முடிவதற்குள் சுமார் 2.4 கோடிப் பேர் பதிவு செய்தனர். அவர்களுள் கட்டாயமாகப் படைக்கு எடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர்தான். விலக்குக் கேட்டதாலேயே அது கிடைத்துவிட்டது என்றும் கொள்ள முடியாது, ஏனெனில் முடிவெடுத்தது உள்ளூர்க் குழு. அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். உயரம், உடல்வாகு, கண் நிறம், முடியின் நிறம் ஆகியவை அங்கே இருக்கும். புகைப்படத்தோடு ஒப்பிட உதவும்.

பதில் 2:

படைப்பணிக் கோப்பைத்தான் அடுத்துத் தேட வேண்டும், ஆனால் அங்கே ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டது. எனினும் உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: முதல் உலகப் போரில் பணியாற்றிய தன் வீரர்களின் பெயர்ப்பட்டியலை ஓஹாயோ மாநிலம் அகரவரிசையில் பல தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. முகவரி, சேர்ந்த நாள், பணியாற்றிய பிரிவு, விடுவிக்கப்பட்ட நாள் எல்லாம் அதில் கிடைக்கும். குடும்பப் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். எழுதத் தெரியாதவரின் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடியே எழுதியிருப்பார். 1930ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், முன்னாள் படைவீரரா, எந்தப் போர் என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில் 3:

குடியுரிமை ஆவணத்தையும் விட்டுவிடாதீர்கள். 1917 டிசம்பர் 7 அன்று அமெரிக்கா ஆஸ்திரியா-ஹங்கேரி மீதும் போர் அறிவித்ததால், அங்கிருந்து வந்து குடியுரிமை பெறாதிருந்தவர்கள் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டார்கள். அப்படியிருந்தும் பலர் அமெரிக்கப் படையில் பணியாற்றினார்கள். 1918 மே 9 அன்று வந்த சட்டத்தின்படி, படையிலிருந்த வெளிநாட்டவருக்குப் பயிற்சி முகாமிலேயே விரைவாகக் குடியுரிமை வழங்கினார்கள். அந்தத் தேதியையொட்டி முகாமில் குடியுரிமை பெற்றிருந்தால் அதுவே வலுவான சான்று.

கேட்டவர், இரண்டு வாரம் கழித்து:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 1930 கணக்கெடுப்பில் படைவீரரா என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே இருக்கிறது. அவர் குடியுரிமை பெற்றதும் 1920களில்தான். ஆனால் ஓஹாயோ பட்டியலில் அதே குடும்பப் பெயரும் அதே தெரு முகவரியும் கொண்ட வேறொருவர் இருக்கிறார்: அவருடைய தம்பி. 1918இல் படையில் சேர்ந்து, 1919இல் விடுவிக்கப்பட்டிருக்கிறார். ஒரு சித்தப்பா இருந்ததையும், அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டதையும் பாட்டி நேற்று நெடுநேரம் யோசித்த பிறகு சொன்னார். நாளை புகைப்படத்தைச் சட்டகத்திலிருந்து எடுத்து, பின்புறம் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கப்போகிறோம்.