ஹோட்டன் சமவெளியின் மஞ்சள் முட்செடி: உங்கள் அனுபவங்கள்

நுவரெலியாவிலிருந்து:
பட்டிப்பொல வழியாகச் சென்ற அந்தக் காலை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. மூடுபனி விலகியதும் புல்வெளியோரம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. தெரிந்த செடிதானே என்று கிளையைப் பிடித்தேன், உள்ளங்கையில் நான்கு முட்கள் ஏறிவிட்டன. இலை என்று நினைத்ததெல்லாம் முள். ஆனால் துவரம்பூவைப் போலிருந்த அந்தப் பூவில் தேங்காய் மணம் வீசியதால், இரத்தம் கசிந்த கையோடு குனிந்து மறுபடியும் முகர்ந்தேன். அது கோர்ஸ் என்றும், அதன் தாயகம் மேற்கு ஐரோப்பா என்றும் கூட வந்த வழிகாட்டி சொன்னார்.

ஹட்டனிலிருந்து:
என் அப்பா பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். துரைமார் காலத்தில் அழகுக்கு வைத்த கோர்ஸ் வேலியை அவர் கவ்வாத்துக் கத்தியால் அடியோடு வெட்டினார். அடுத்த மழைக்கே கட்டையிலிருந்து துளிர்த்தது. வெயிலில் அதன் நெற்றுகள் 'பட்' என்று வெடித்து விதை தெறித்த சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. சமவெளியில் மஞ்சளாகப் பூப்பதையெல்லாம் பிடுங்கி எறிய வேண்டும்.

வெலிமடையிலிருந்து:
ஹட்டன் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே முள்ளில்லாமல், ஐந்து அகன்ற இதழ்களும் நடுவில் கற்றையாக மகரந்தத் தாள்களும் கொண்டு பூக்கும் ஹைபெரிகம் மைசூரென்ஸ், தென்னிந்திய மலைகளுக்கும் நமது மலைகளுக்கும் இயற்கையாகவே சொந்தமான செடி. இரண்டும் மஞ்சள் என்பதற்காக அதையும் பிடுங்கினால், கோர்ஸ் பரவ நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும். நானும் ஒருமுறை தவறாக ஹைபெரிகத்தைக் காட்டி, கோர்ஸ் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன்; அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வீட்டு வேலியில் கோர்ஸ் வைத்திருப்பவர்கள் நெற்று முற்றுவதற்கு முன்பே, கன்றாக இருக்கும்போதே வேரோடு தோண்டிவிடுங்கள். தீ வைக்காதீர்கள், சூடு பட்டால் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் கூட்டமாக முளைக்கும். அவை முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை என்பதால், ஒருமுறை தோண்டிய இடத்தை ஆண்டுதோறும் போய்ப் பாருங்கள். 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள சமவெளிக்குள் மட்டும் எதிலும் கை வைக்காதீர்கள், அந்த வேலையை அங்குள்ள அலுவலர்களிடமே விட்டுவிடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:
வெலிமடை அக்கா எழுதியதைப் படித்ததும் அன்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னைக் குத்திய புதருக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில், ஐந்து இதழ்ப் பூவோடு ஒரு செடி நிற்கிறது. அன்று அதை நான் பார்க்கவே இல்லை.