கடல் தூண்டிலுக்குப் புதியவர்கள் கரையில் எதிர்கொள்பவை: சிக்கலும் காரணமும்

கரையிலிருந்து தூண்டில் போடும் ஐந்து பேர் புனைபெயரில் மாறி மாறிச் சொன்னவை இவை; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது சொல்பவரின் பெயர்.

கரைத்தூண்டில்:

கடலில் தூண்டில் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ராட் (தூண்டில் கழி), எந்த ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) என்றுதான். அவர்கள் மீனைத் தவறவிடுவதற்கு ராட் காரணமாக இருப்பது அபூர்வம். முடிச்சு நழுவுகிறது. டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி, இறுகிக் கிடக்கிறது. இரை முள் முனையை மூடிவிடுகிறது. மீன் இருபது மீட்டரில் மேய்ந்துகொண்டிருக்க, இரையோடு கட்டிய ஈயம் எண்பது மீட்டரில் கிடக்கிறது. அதனால் ராடைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: 9 அடி நீளம், 30 முதல் 80 கிராம் வரை வீசக்கூடியது, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 15 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பு. இது போதும்.

நரம்பை ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் பகுதி) விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்புங்கள். குறைவாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சு தூரம் குறையும். வழிய நிரப்பினால் வீசும்போது பல சுருள்கள் ஒன்றாகக் கொட்டிச் சிக்கிக்கொள்ளும்.

டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குதான் அளவு. 15 பவுண்டு என்பது சுமார் 6.8 கிலோ, எனவே 1.7 கிலோ. நரம்பின் நுனியைத் தொங்கு தராசில் கட்டி இழுத்தால், முள் 1.7 காட்டும்போது ஸ்பூல் சுற்றத் தொடங்க வேண்டும். இவ்வளவு தளர்வாகவா என்று தோன்றும். ஆனால் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் குறைகிறது; டிராக்கைத் தொடாவிட்டாலும் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். ராடிலுள்ள வளையங்களின் உராய்வும் அதோடு சேரும். முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பின் பலம் ஏற்கெனவே குறைந்திருக்கும். பெரிய மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

பாறைக்கரை:

மோனோவில் ஆரம்பிக்கச் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பாறை ஓரத்தில் மோனோ நல்லது. அது உரசலைத் தாங்கும், மீன் திடீரென்று திமிறினால் நீண்டு கொடுக்கும். ஆனால் மணல் கரையில் தூரமாக வீசினால் மீனின் சின்னக் கொத்து அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும், கைக்கு வராது. அங்கே 20 பவுண்டு பிரெய்ட் (பல இழை பின்னிய, நீளாத நரம்பு) போடலாம். அதற்கு மூன்று விஷயங்களைப் பழக வேண்டும்.

ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால் முழுச் சுருளும் ஸ்பூலோடு ஒட்டாமல் வழுக்கிச் சுற்றும். பார்ப்பதற்கு டிராக் கெட்டுப்போனது போலவே இருக்கும். அடியில் சில மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். அடுத்து, ஈயம் தண்ணீரில் விழுந்ததும் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலில் சுற்றவைக்கும் வளைந்த கம்பி) கையால் மூடி, தொய்வை விரலால் இழுத்துவிட்டு, பிறகுதான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இதைத் தவறவிட்டால் தொய்ந்த ஒரு வளையம் ஸ்பூலில் தங்கி, அடுத்த வீச்சில் பெரிய சிக்கலாக வெளியே வரும். மூன்றாவது, நுனியில் லீடர் (தடித்த நரம்புத் துண்டு) இல்லாமல் பிரெய்டை வீசவே கூடாது.

லீடருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு. 80 கிராம் ஈயம் என்றால் சுமார் 30 பவுண்டு லீடர். லீடரின் நீளம்: ராடின் நீளம், நுனியிலிருந்து தொங்கும் நீளம், அதற்குமேல் ஸ்பூலில் ஐந்தாறு சுற்று. 9 அடி ராடுக்குச் சுமார் நாலரை மீட்டர் வரும். வீச்சின் முழு அதிர்ச்சியையும் லீடர்தான் ஏற்க வேண்டும். மெல்லிய நரம்பு அந்த நேரத்தில் அறுந்தால் ஈயம் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. கரையில் நிற்கும் ஆளின் தலையில் பட்டால் உயிரே போகலாம். வீசும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும். பிரெய்ட் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 5. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடாகி, முடிச்சுக்குள்ளேயே பலவீனமாகிவிடும்.

வத்தநீர்:

உபகரணம் இருக்கட்டும். தண்ணீரைப் படிக்கத் தெரியாமல் நாள் முழுக்க நின்றாலும் பயனில்லை. புதியவர்கள் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

கரையைக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். அப்போதுதான் நீர்மட்டம் மிகவும் கீழே இறங்கும். மற்ற நாட்களில் மூடிக் கிடக்கும் பள்ளம், பாறை, சிப்பித் திட்டு எல்லாம் வெளியே தெரியும். போனில் படம் எடுத்து, கரையிலுள்ள ஏதாவது அசையாத அடையாளத்தோடு பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். புயலோ பெரிய அலையோ வந்துபோனால் மணல் இடம் மாறியிருக்கும்; மறுபடி பார்க்க வேண்டும்.

நீர் ஏறிய பிறகு அதே இடத்தை அலையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அலை வெள்ளையாக உடையும் இடத்துக்கு அடியில் மணல் திட்டு இருக்கும். உடையாமல் கறுத்துத் தெரியும் இடம் பள்ளம். திட்டில் அலை அடித்துக் கிளப்பும் புழுவும் நண்டும் சிப்பியும் பள்ளத்தின் ஓரத்துக்கு உருண்டு வரும். மீன் அங்கேதான் காத்திருக்கும். ஈயம் விழ வேண்டியது வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் அந்த ஓரத்தில். பல கரைகளில் அது காலடியிலிருந்து 15, 20 மீட்டருக்குள்ளேயே இருக்கும். முதல் வீச்சைக் கிட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தூரத்துக்குப் போங்கள்.

நேரம்: நீர் ஓடும்போதுதான் மீன் மேயும். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். மட்டம் சீராக மாறாது. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதி மாற்றம் நடந்துவிடும். மணல் கரையில் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றத்தின் முதல் மணி நேரமும் நல்லவை. முகத்துவாரத்தில் இது தலைகீழ். வற்றும் நீர் உள்ளேயிருந்து இறாலையும் குஞ்சு மீனையும் வெளியே தள்ளும். அந்த வாயிலில்தான் பெரிய மீன் நிற்கும். ஏற்ற நேரமும் விடியலும் ஒன்றாக வரும் நாள் கிடைத்தால் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுத்த, அமைதியான பட்டை கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நீண்டிருந்தால், அது உள்ளிழுக்கும் நீரோட்டமாக இருக்கக்கூடும். தூண்டில் போட நல்ல இடம், கால் வைக்க மோசமான இடம். திட்டுக்கு நடந்துபோய் வீசலாம் என்று அதைக் கடக்காதீர்கள். நீர் ஏறும்போது திரும்பும் வழி முதலில் மூடுவது அங்கேதான். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாக விலகி வெளியே வர வேண்டும்.

ஈயக்குண்டு:

இனி முள்ளும் ஈயமும். மணலுக்குப் பிரமிடு வடிவ ஈயம். அதன் விளிம்புகள் புதைந்து நிற்கும். உருண்டை ஈயம் அலையோடு உருண்டு கரைக்கே வந்துவிடும். 60 கிராமில் தொடங்குங்கள். இரண்டு நிமிடத்தில் நரம்பு பக்கவாட்டில் வளைந்து ஓடினால் 80 கிராமுக்கு மாறுங்கள். 80-ம் நிற்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ராட் தாங்கும் எடையைத் தாண்டாதீர்கள்.

கட்டும் முறை: முக்கிய நரம்பில் ஓடும் ஈயம், பிறகு ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதிலிருந்து 45 செ.மீ. குட்டி லீடர் (வீச்சைத் தாங்கும் லீடர் வேறு), 1/0 அளவு சர்க்கிள் முள் (முனை உள்நோக்கி வளைந்தது). மீன் இரையை எடுக்கும்போது ஈயத்தின் கனத்தை உணராது. மணி இல்லாவிட்டால் ஈயம் நேராக ஸ்விவல் முடிச்சில் இடித்து அதை நசுக்கும்.

ராட் நுனி ஆடுகிறது, சட்டென்று வெட்டி இழுத்தால் வெறும் முள் வருகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. சர்க்கிள் முள்ளை வெட்டி இழுக்கவே கூடாது. ராட் மெதுவாக வளையட்டும். பிறகு வேகமில்லாமல் சுற்றுங்கள். முள் தானாக வாயின் ஓரத்தில் திரும்பி ஏறும். இரண்டாவது காரணம் இரை. முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முழுக்க இரை நிரம்பியிருந்தால் முள் எதிலும் ஏறாது. கணவாயை விரல் அகலப் பட்டையாக வெட்டி, ஒரு முனையில் மட்டும் குத்துங்கள். இறால், மத்தி போன்ற மெத்தென்ற இரையை மெல்லிய எலாஸ்டிக் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் வீச்சில் பிய்ந்து போகாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள். வெளுத்துப்போன இரையில் வாசனை இருக்காது.

பாறைக்கரை:

பாறையில் ஈயம் மாட்டுவது தவிர்க்க முடியாதது. ஈயத்தை மட்டும் 6 பவுண்டு நரம்புத் துண்டில் கட்டினால் அது மட்டும் அறும், முள்ளும் மீனும் கையில் மிஞ்சும். இப்படிக் கட்டியதை மெல்ல வீச வேண்டும், இல்லையென்றால் ஈயம் வீச்சிலேயே அறுந்து பறக்கும். சிக்கியதை இழுக்க ராடை வளைக்காதீர்கள், ஒடியும். ராடை நேராக நரம்பை நோக்கி நீட்டிப் பின்னால் நடங்கள். பிரெய்டைக் கையில் சுற்றவே கூடாது, சதையை வெட்டிவிடும்; ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

பாறையில் ஏறும் முன் 20 நிமிடம் ஒதுங்கி நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலை இடைவெளி விட்டுத்தான் வரும். நனைந்திருக்கும் பாறை, அலை எட்டிய பாறை. மிதவைச் சட்டை இல்லாமலும் தனியாகவும் அங்கே நிற்கக் கூடாது. இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். ராடிலுள்ள கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும்.

மணல்மேடு:

பிடித்த மீனைத் தொடுவதில்தான் நிறையப் பேர் காயப்படுகிறார்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். திருக்கைக்கு வாலில். தெரியாத மீனைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைப் பிடித்துக் கவிழ்த்தால் தானே விழும். விஷ முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி குறையும். வலி வாங்கிய கை சூட்டைச் சரியாக உணராது என்பதால் மறு கையால் சூடு பார்த்து வையுங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தினால், துண்டு உள்ளே தங்கினால், மூச்சு திணறினால் உடனே மருத்துவமனை. பேத்தை மீனைச் சமைக்கவே வேண்டாம். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

சாப்பிடும் மீனைப் பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, இரண்டு பங்கு பனிக்கட்டி, ஒரு பங்கு கடல்நீர் கலந்த பெட்டியில் அமிழ்த்துங்கள். சூரை, கானாங்கெளுத்தி வகைகளை வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது, முகம் சிவந்து அரிக்கும். சட்ட அளவுக்குக் குறைந்த மீனையும் சினை மீனையும் ஈரக் கையால் பிடித்து உடனே விடுங்கள். அளவும் அனுமதியும் இடத்துக்கு இடம் மாறும், போகும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரைத்தூண்டில்:

ரீல் கழுவுவது மட்டும் விட்டுப்போனது. அன்றே கழுவுங்கள். முதலில் டிராக்கை இறுக்குங்கள், அப்போதுதான் தண்ணீர் வாஷர்களுக்குள் போகாது. நல்ல தண்ணீரை மெல்லத் தூவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினாலும் வாளியில் முக்கினாலும் உப்பு உள்ளே பேரிங்குக்குப் போய்விடும். துடைத்து உலர்த்திய பின் டிராக்கை முழுக்கத் தளர்த்தி, நரம்பு ஓடும் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அந்த உருளை சுற்றாமல் நின்றுவிட்டால் நரம்பு முறுக்கேறி, உரசி, நடுவிலேயே அறும். கடல் நீர் பட்ட முள்ளைப் புது முட்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒன்றின் ஈரத்தில் மற்றவையும் துருப்பிடிக்கும்.