உடலுறவுக்குப் பிறகு ரத்தம்: எங்கள் மூன்று பேருக்கு நடந்தது

முதலில் பார்த்தது துடைத்த டிஷ்யூவில். இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். மாதவிடாய் முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததால் அதன் மிச்சம் என்றும் தள்ளிவிட முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடியும், இந்த முறை விரிப்பில் பொட்டளவு கறை. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ஆனால் மனசு நேரே பால்வினை நோயில் போய் நின்றது. எனக்கு முன்னால் அவருக்கு ஒரு உறவு இருந்தது தெரியும். இரண்டு ராத்திரி அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தேன். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" கருத்தடை மாத்திரை, நாலு மாதமாக. உள்ளே விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்த்தார். மாதிரி எடுக்கிற ஸ்வாப் குச்சி பட்டதுமே கருப்பை வாயில் ரத்தம் துளிர்த்ததாம். உள்ளே இருக்க வேண்டிய மென்மையான செல்கள் வெளிப்பக்கமும் படர்ந்திருந்தன. எக்ட்ரோபியான் என்று பெயர். இளவயது, கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை இதெல்லாம் இருந்தால் வருவது சகஜம், நோயே இல்லை என்றார். அப்பாடா என்று எழுந்தால், உட்காரச் சொல்லிவிட்டார். தொற்றால் புண்பட்ட கருப்பை வாயும் இப்படித்தான் கசியுமாம், கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாதாம். கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பால்வினை நோய்களுக்கும் ஸ்வாப், கூடவே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் சோதனை. நாலு நாள் கழித்து எல்லாமே நெகட்டிவ். அன்றைக்குத்தான் அவரிடம் விஷயத்தையே சொன்னேன். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

*

எனக்கு இதற்கு நேர் எதிர். அதே மாதிரி கசிவுதான், வெள்ளைப்படுதல்கூட மாறவில்லை. ரிசல்ட் கிளமிடியா பாசிட்டிவ். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனாலும் அவருக்கும் சிகிச்சை. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் திரும்பத் தொற்றிக்கொள்ளும். இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு கூடாது என்றார்கள். 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

வீட்டில் சண்டை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கிளமிடியா அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும். யார் யாருக்குக் கொடுத்தது, எப்போது என்பதை ரிப்போர்ட் சொல்லாது. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு அந்த 7 நாளை விட அதிக நாள் ஆனது. கவனிக்காமல் விட்டிருந்தால் கருக்குழாய் வரை ஏறி, பிறகு குழந்தை தங்குவதிலேயே சிக்கல் வந்திருக்கலாம்.

*

எனக்கு வயது 54, மாதவிடாய் நின்று இரண்டு வருஷம். வறட்சியால் உரசி வருகிற ரத்தம் என்று நானே முடிவுசெய்து, ஜெல் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினேன். முட்டாள்தனம். தொற்று இருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை, டாக்டர் அதற்கும் சேர்த்தே சோதித்தார். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி வந்தாலும் உடனே காட்டியிருக்க வேண்டும் என்று திட்டு வேறு. கருப்பை உட்சுவரின் தடிமனுக்கு ஸ்கேன், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கு டெஸ்ட், எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் கருப்பை வாயில் நெல்மணி அளவில் ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி. அங்கேயே திருகி எடுத்து, பயாப்சிக்கு அனுப்பினார்கள். சாதாரணச் சதைதான். எடுத்தபோது லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான் தெரிந்தது.