ஆர்பிட்ரேஷன், மீடியேஷன்: பண்ட வணிகத் தகராறுகளில் கடைசிச் சொல் யாருடையது?

அன்புடையீர்,

பருத்தி, தானியம், எண்ணெய் வித்து போன்ற பண்டங்களின் வணிக ஒப்பந்தங்களில் வரும் ஆர்பிட்ரேஷன் (மூன்றாமவர் கட்டுப்படுத்தும் தீர்ப்புச் சொல்வது), மீடியேஷன் (மூன்றாமவர் உதவியோடு இருவரும் பேசி இணங்குவது) என்னும் இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல்லாக நம் கலந்துரையாடலில் இதுவரை வந்துள்ள பரிந்துரைகளை ஒருசேர வைத்துப் படித்தேன். மத்தியஸ்தம், நடுவர் மன்றம், சமரசம், இசைவுத் தீர்ப்பு, பொதுவர் தீர்ப்பு ஆகிய ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் முதல் மூன்றை நாம் இரண்டு கருத்துகளுக்கும் மாற்றி மாற்றிப் புழங்கியிருக்கிறோம் என்பதே என் கவலை.

இது வெறும் சொல்லழகு பற்றிய கவலை அன்று. கோவை வட்டாரத்து நூற்பாலைகளுக்கு அயல்நாட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களைத் தமிழில் சுருக்கித் தருவது என் பிழைப்பின் ஒரு பகுதி. 2011 மார்ச்சில் நியூயார்க் முன்பேரச் சந்தையில் பஞ்சு விலை பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியதையும், அந்த ஆண்டு முடிவதற்குள் 1 டாலருக்கும் கீழே இறங்கியதையும் இத்தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உச்ச விலையில் ஒப்பந்தம் போட்டவர்கள் சரக்கை எடுக்கத் தயங்கினார்கள். ஏற்றத்துக்கு முன்பே குறைந்த விலைக்கு விற்றிருந்தவர்கள் சரக்கை அனுப்பத் தயங்கினார்கள். அக்காலத்தில் ஒரு சிற்றாலை உரிமையாளர், வேறொருவர் எழுதித் தந்த தமிழ்ச் சுருக்கத்தை என்னிடம் கொண்டுவந்தார். தகராறு எழுந்தால் அது அயல்நாட்டு வணிகச் சங்கத்தின் ‘சமரசத்துக்கு உட்பட்டது’ என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதை நம்பி, வந்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டார். மூன்றாவதாக வந்தது தீர்ப்பு. “சமரசத்துக்கு நான் போகவில்லை என்றால் சமரசமே ஆகவில்லைதானே?” என்று அவர் கேட்டார். தமிழின்படி அவர் கேட்டது முழுக்கச் சரி. சட்டத்தின்படி முழுக்கத் தவறு, ஏனெனில் அழைப்பு முறையாகச் சேர்ந்திருந்தால், ஒரு தரப்பு வராமலேயே அந்தத் தீர்ப்பைச் சொல்லலாம். அயல்நாட்டு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால், அதை இங்குள்ள நீதிமன்றத்தின் வழியாக நிறைவேற்றவும் கோரலாம்.

ஆகவே சொல்லைத் தேர்வதற்கு என் உரைகல் ஒன்றே: கடைசிச் சொல் யாருடையது? ஆர்பிட்ரேஷனில் அது மூன்றாமவருடையது. மீடியேஷனில் அது தகராறு செய்யும் இருவருடையது. மூன்றாமவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் சொல்வது யோசனைதான். இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்டாத எதையும் ஒப்பந்தத்தில் நுழைய விடக்கூடாது.

மத்தியஸ்தம் இந்த உரைகல்லில் தேறாது. ‘நடுவில் நிற்பது’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ‘நடுவர் மன்றம்’ என்றால் செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம்தான் நினைவுக்கு வரும். அது சட்டம் அமைத்த மன்றமே தவிர, இரு வணிகர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்பாட்டில் பிறந்தது அன்று. ‘நடுவர்’ என்ற தனிச்சொல்லோ, நீதித்துறை நடுவர், பட்டிமன்ற நடுவர், கிரிக்கெட் நடுவர் என்று ஏற்கெனவே மூன்று வீட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. சமரசத்தை மீடியேஷனுக்கே விட்டுவிடலாம். உயர் நீதிமன்றம் தொடங்கிய மையத்தை மக்கள் ‘சமரச மையம்’ என்றே அழைக்கிறார்கள். ஒரே திருத்தம் சொல்வேன்: சமரசம் என்பது முடிவு, மீடியேஷன் என்பது முயற்சி. முயற்சி தோற்கலாம். ‘சமரசம் தோற்றது’ என்பது உறுத்துகிறது. ‘சமரசப் பேச்சு தோற்றது’ என்பது இயல்பாக இருக்கிறது. கன்சிலியேஷனுக்கு (பேச்சுக்கு உதவும் மூன்றாமவர் தாமே ஒரு தீர்வையும் முன்மொழியும் முறைக்கு) தனிச்சொல் வேண்டும் என்று ஒருவர் வாதிட்டிருந்தார். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மீடியேஷன் சட்டம் அதையும் மீடியேஷன் என்ற வரையறைக்குள்ளேயே அடக்கிவிட்டதால், நாம் அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

ஆர்பிட்ரேஷனுக்கு என் வாக்கு ‘இசைவுத் தீர்ப்பு’க்கே. தீர்ப்பு என்பதால் கட்டுப்படுத்தும் என்பது தெரிகிறது. இசைவு என்பதால், அரசு திணிக்காமல் இருவரும் முன்கூட்டியே ஒப்பிக் கையெழுத்திட்டதிலிருந்து அதன் அதிகாரம் வருகிறது என்பதும் தெரிகிறது.

இனி, இதுவரை யாரும் தொடாத ஒன்று. ஆங்கில வணிகர்கள் ‘லுக்-ஸ்னிஃப் ஆர்பிட்ரேஷன்’ என்று செல்லமாக அழைக்கும் ஒரு வகை இருக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, வழக்கறிஞர் எதுவும் இல்லை. மாதிரியை மேசைமேல் வைத்து, தொழிலில் பழுத்த ஒருவர் பார்த்து, முகர்ந்து, தொட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. பஞ்சில் இதைப் பார்த்திருக்கிறேன். வடக்கு வெளிச்சம் விழும் அறையில் பேலிலிருந்து (பஞ்சுப் பொதியிலிருந்து) எடுத்த மாதிரியை விரித்து நிறமும் தூசும் பார்ப்பார். ஒரு கொத்தைப் பிய்த்து, இரு கைப் பெருவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையில் திரும்பத் திரும்ப இழுத்து இழைகளை நேராக்கி, கறுப்புத் துணியில் கிடத்தி நீளம் சொல்வார். இப்போது நீளம், வலிமை, மைக்ரோனேர் (இழையின் நயத்தைக் காட்டும் அளவு) எல்லாவற்றையும் எச்.வி.ஐ. என்னும் பஞ்சுச் சோதனை இயந்திரம் சொல்லிவிடுகிறது என்றாலும், 1841இல் லிவர்பூலில் தொடங்கி, இப்போது சர்வதேசப் பருத்திச் சங்கம் என்று பெயர் மாறியிருக்கும் சங்கத்தின் விதிகள் இன்றும் தரத் தகராறுகளை ஒரு வழியிலும், பணம் தராதது, சரக்கு அனுப்பாதது போன்ற மற்றத் தகராறுகளை வேறொரு வழியிலுமே அனுப்புகின்றன. தர வழிக்கு ‘பதத் தீர்ப்பு’ என்று பெயரிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதற்கு மேல் மாதிரி எடுத்தலுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அன்புடன்,
கோவையிலிருந்து

*

அன்பின் நண்பருக்கு,

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். தங்கள் உரைகல்லை ஏற்கிறேன். அதில் தாங்களே உரசிப் பார்த்த பொன்னில் ஒன்று மாற்றுக் குறைவு என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மத்தியஸ்தம். தங்கள் பக்கத்தில் அந்தச் சொல் தீர்ப்புச் சொல்பவரையும் குறிக்கும் பழைய வழக்கு இருக்கிறது. எங்களிடம் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் எவர்மீதும் தீர்ப்பைத் திணிக்க முடியாது. இணக்கம் ஏற்படாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும். பாக்கு நீரிணைக்கு இக்கரையில் மீடியேஷன், அக்கரையில் சில வாய்களில் ஆர்பிட்ரேஷன். தூத்துக்குடி வணிகரும் கொழும்பு வணிகரும் இந்தச் சொல்லை வைத்து ஒப்பந்தம் எழுதினால் அதன் பொருளுக்கே தனி வழக்கு வேண்டும். எனவே அதை விலக்குவதில் தங்களோடு நூறு வீதம் உடன்படுகிறேன்.

இசைவுத் தீர்ப்பில்தான் எனக்கு இடர்ப்பாடு. தங்கள் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 30ஆம் பிரிவைப் பாருங்கள்: நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் இணங்கிவிட்டால், அந்த இணக்கத்தையே தீர்ப்பாகப் பதிவுசெய்து தரலாம். ‘இசைவுத் தீர்ப்பு’ என்ற பெயர் அதற்கல்லவா அச்சாகப் பொருந்தும்? எல்லாவற்றுக்கும் இசைவுத் தீர்ப்பு என்று பெயர் வைத்துவிட்டால் இதை இசைவு இசைவுத் தீர்ப்பு என்றா அழைப்பது? அதோடு, தங்கள் ஆலை உரிமையாளரிடம் ‘இசைவு’ என்று சொன்னால், “நான் இசையவில்லையே” என்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். எங்கள் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆர்பிட்ரேஷன் சட்டத்தைத் தமிழில் நடுத்தீர்ப்புச் சட்டம் என்கிறோம். நடுத்தீர்ப்பு, நடுத்தீர்ப்பாளர், நடுத்தீர்ப்பு உடன்பாடு என்று தடையில்லாமல் கிளைக்கும் சொல் அது.

பதத் தீர்ப்பு அழகாக இருக்கிறது. ஆனால் பதம் என்றால் சொல் என்றும் பொருள், கத்தி கையைப் பதம் பார்ப்பதும் உண்டு. தோற்ற தரப்பு அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்ளும். மேலும், பார்த்தலும் முகர்தலும் மட்டும் போதாத பண்டங்கள் இருக்கின்றன. 1883இலிருந்து நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தை எண்ணிப் பாருங்கள். சுவைப்பவர் வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டியாகச் சத்தமாக உறிஞ்சி, நாவில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். காய்ந்த இலை, ஊறிய இலை, சாயம் மூன்றையும் கண்ணாலும் பார்ப்பார். ஆகவே கண், மூக்கு, நாக்கு, விரல் எதையும் விலக்காத ‘தரங்காண் தீர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன். காண்பது எந்தப் புலனாலும் ஆகலாம்.

நன்றியுடன்

*

அன்புடையீர்,

30ஆம் பிரிவைச் சுட்டியதற்கு நன்றி. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நடுத்தீர்ப்பு என்று முதலில் கேட்டபோது இடைக்காலத் தீர்ப்போ என்று ஒரு கணம் தோன்றியது, ஏனெனில் நடுவழி, நடுராத்திரி என்று பேசிப் பழகிய காது. ஆனால் இரண்டு முறை எழுதிப் பார்த்ததும் அந்த மயக்கம் போய்விட்டது. ‘நடுத்தீர்ப்பு’, ‘சமரசப் பேச்சு’, ‘தரங்காண் தீர்ப்பு’ மூன்றையும் என் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஒப்பந்தச் சுருக்கங்களில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘நடுத்தீர்ப்பு, அதாவது வராவிட்டாலும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு’ என்று ஒரு தொடரைச் சேர்க்கப் போகிறேன். கலைச்சொல்லுக்கு இது ஊன்றுகோல்தான். ஆனாலும் அந்த ஆலை உரிமையாளரின் முகம் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று மேசையில் கிடக்கிறது. பருத்திச் சங்க விதிகளின்படி நிறைவேறாத ஒப்பந்தம் ரத்தாவதில்லை. முடிப்பு நாளின் சந்தை விலைக்குக் கணக்குப் போட்டு, ஒப்பந்த விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைப் பணமாகத் தீர்த்து முடிக்கிறார்கள். ‘இன்வாய்ஸிங் பேக்’ என்று பெயர். ‘பட்டியலைத் திருப்புதல்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அது சரக்கைத் திருப்பி அனுப்புவதுபோல் ஒலிக்கிறது. எங்கள் பஞ்சு மண்டியில் இதற்கு நிகரான செயலை ‘வித்தியாசம் கொடுத்துக் கணக்கை நேர் செய்வது’ என்கிறார்கள். ‘வேறுபாட்டு நேர்வு’ என்றால் நேர்வு ‘நிகழ்வு’ என்றும் படுகிறது. ‘விலைநேர் முடிப்பு’ பொருந்துமா என்று பாருங்கள். தானிய, எண்ணெய் ஒப்பந்தங்களில் பழகியவர்கள் தங்கள் தரப்பில் வேறு சொல் வழங்கினால் அதையும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து